நீலப் புகைக்கெல்லாம் போரிங் வேண்டாம்

போன மாதம் போடிமெட்டிலிருந்து இறங்கினேன். 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், இரண்டாவது கியரிலேயே வந்து, முந்தலில் மிதித்தேன். பின்னால் பைக்கில் வந்த அக்கா மகன் சிலமலை சேர்ந்ததும் சொன்னான்: "மாமா, ஒரே நீலப் புகை. எனக்கு ரோடே தெரியல."

என் பழைய மாருதி 800 ஆயில் குடிப்பது தெரிந்ததுதான். ஊற்றி ஊற்றியே ஓட்டினேன். அது என் தப்பு. ஒரு பட்டறையில் காட்டினால், "இன்ஜினை இறக்கி போரிங் பண்ணணும் சார்" என்றார்கள். கேட்ட தொகை இரண்டு மாத பென்ஷன். வண்டியையே விற்றுவிடலாமா என்று தோன்றியது.

வேறொரு வயதான மெக்கானிக் ஒன்றே ஒன்று கேட்டார்: "புகை எப்ப சார் வருது?"

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம். இறக்கம் முடிந்து மிதித்ததும் நிறைய. மற்ற நேரம் இல்லை. "அப்ப வால்வு சீலாத்தான் இருக்கும்" என்றார்.

வால்வுத் தண்டில் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் சீல், சூட்டில் நாளடைவில் கெட்டியாகிவிடும். இரவில் ஆயில் அதன் வழியே கசிந்து இறங்கும். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால் இன்ஜின் காற்றுக்குத் தவித்து ஆயிலையும் உறிஞ்சும். மிதித்ததும் அது எரியும். ரிங் தேய்ந்திருந்தால் ஏற்றத்தில் இழுக்கும்போதும் விடாமல் புகையும்.

அவர் கம்ப்ரஷன் பார்த்தார். மூன்று சிலிண்டரும் நன்றாகவே இருந்தன. ஹெட்டைக் கழற்றவில்லை. பிளக் ஓட்டை வழியே காற்று அழுத்தம் கொடுத்து, வால்வு உள்ளே விழாமல் நிறுத்தி, ஸ்பிரிங்கை எடுத்து ஆறு சீலையும் மாற்றினார். புது சீலின் உதடு கிழியாமல் ஆயில் தடவி மெதுவாக இறக்கினார். "கைடு தேஞ்சிருந்தா புது சீலும் தாங்காது சார்" என்று வால்வுகளை ஆட்டியும் பார்த்துக்கொண்டார். ஒரே நாளில் வேலை முடிந்தது.

என் கருத்து இதுதான். போரிங் வேண்டிய வண்டிகளும் உண்டு. ஆனால் கம்ப்ரஷன் பார்க்காமல் போரிங் என்று சொன்னால் தலையாட்டாதீர்கள். புகை எப்போது வருகிறது என்று நீங்களே ஒரு வாரம் கவனியுங்கள். பென்ஷன் பணம் நம்முடையது. கேட்பதில் கூச்சம் வேண்டாம். அதுவரை, மெட்டு ஏறுமுன் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் வற்றி நடுமலையில் இன்ஜின் பிடித்துக்கொண்டால், அப்புறம் சீல் விலையில் முடியாது.