41 கஜம் தள்ளி நிற்பவரின் வேலை

ரெய்டு என்றதும் பெரியவர்களுக்கு வருமான வரித் துறை கார்களும் பீரோ சாவியும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆன்லைன் கேம் விளையாடும் பிள்ளை இருக்கிற வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். முகம் பார்த்திராத பத்து, இருபது, நாற்பது பேர் ஒரே நேரத்தில் கணினி முன் உட்கார்ந்து, ஒரு பெரிய அரக்கனைச் சேர்ந்து வீழ்த்தப் புறப்படுவதுதான் அந்த ரெய்டு.

இந்த வகை விளையாட்டுகளில் பெரும் புகழ் பெற்றது ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’. அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்டது. இருபது வருடம் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் ரெய்டில் வேலைப் பிரிவினை தெளிவானது. அரக்கனின் அடியைத் தன் மேல் வாங்கிக்கொள்பவர் டேங்க். அடி வாங்கியவருக்கு உயிர் ஏற்றுபவர் ஹீலர். மீதிப் பேர் எல்லோருக்கும் ஒரே வேலை, அடிப்பது. அதிலும் சிலர் அரக்கனின் காலடியில் நின்று வாள் வீசுவார்கள். சிலர் எட்டி நின்று அம்பு விடுவார்கள், நெருப்பு எறிவார்கள்.

இந்த எட்டி நிற்கும் ஆட்களைப் பற்றி விளையாட்டு உலகத்திலேயே ஓர் இளப்பம் உண்டு. ‘அவங்களுக்கென்ன, தூரத்துல நின்னு பட்டனைத் தட்டினா போதும்’ என்பார்கள். அதிலும் வில்லாளியான ஹன்டருக்குக் கிடைத்த கேலி தனி. ஹன்டர் என்ற பெயரோடு மந்தபுத்தியைக் குறிக்கும் ஒரு வசைச்சொல்லை ஒட்டி ‘ஹன்டார்ட்’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். தனியாகச் சுற்றும்போது ஹன்டர் மாதிரி சுலபமான பாத்திரம் கிடையாது. வளர்ப்பு மிருகம் ஒன்று முன்னால் போய் அடி வாங்கிக்கொள்ளும், இவர் பின்னால் நின்று அம்பு விடலாம். அப்படியே 60 லெவல் வரை வளர்ந்து, அதே பழக்கத்தோடு நாற்பது பேர் கூட்டத்துக்குள் நுழைகிறபோதுதான் வினை.

முதல் வினை, கோபக் கணக்கு. அரக்கன் யாரைத் திரும்பி அடிக்கும் என்பதை விளையாட்டு ஒரு கணக்கு போட்டுத்தான் முடிவு செய்கிறது. யார் எவ்வளவு அடித்தார்கள், யார் எவ்வளவு உயிர் ஏற்றினார்கள் என்று ஒவ்வொருவர் பெயரிலும் புள்ளி ஏறிக்கொண்டே போகும். டேங்க்கின் புள்ளி 100 என்றால், பக்கத்தில் நின்று அடிப்பவர் 110-ஐத் தாண்டினால் அரக்கன் அவர் பக்கம் திரும்பிவிடும். தள்ளி நிற்பவருக்கு 130 வரை சலுகை. இந்த 20 புள்ளி வித்தியாசம்தான் தள்ளி நிற்பதற்குக் கிடைக்கும் பெரிய சம்பளம். அதை நம்பி முதல் விநாடியிலிருந்தே வெளுத்து வாங்கினால், டேங்க் நாலு அடி அடிப்பதற்குள் அரக்கன் திரும்பிக் கூட்டத்தின் நடுவே நடக்க ஆரம்பிக்கும். மெல்லிய அங்கி போட்ட ஹீலர்கள் நிற்கும் இடமும் அதுதான். ஆளைக் காலி செய்ய ஓர் அடி போதும்.

அதனால் நல்ல வில்லாளியின் முதல் ஐந்து விநாடி சும்மா இருப்பதில் போகும். இது கேட்க எளிது. திரையில் யார் எவ்வளவு அடித்தார்கள் என்று ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும்போது, தன் பெயர் அடியில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி நிற்பது எளிதல்ல. ஹன்டருக்கு இதற்கு ஒரு மாற்று வழியும் உண்டு. செத்த மாதிரி விழுந்துவிடலாம்! அந்த நடிப்பை அரக்கன் நம்பினால் அவர் கணக்கு பூஜ்யமாகிவிடும். எழுந்து மறுபடி முதலிலிருந்து அடிக்கலாம். 30 விநாடிக்கு ஒரு முறை செய்யலாம். ஆனால் நடிப்பு சில நேரம் எடுபடாது. எடுபடாத அன்றைக்கு நிஜமாகவே விழ வேண்டியதுதான். எனவே விளிம்புக்கு வந்த பிறகு விழாமல், கொஞ்சம் முன்னாலேயே விழுந்து எழுகிறவர்தான் கெட்டிக்காரர்.

இரண்டாவது, கை. ஹன்டரின் வில் தானாகவே ஏறக்குறைய மூன்று விநாடிக்கு ஓர் அம்பு விடும். அதன் நடுநடுவே குறி பார்த்து விடும் பெரிய அம்பு, பலருக்கும் சேர்த்து விடும் அம்பு என்று விசேஷ அடிகளைச் சொருக வேண்டும். தானாகப் போகும் அம்பு கிளம்புவதற்கு முன் அரை விநாடி ஆள் அசையாமல் நிற்க வேண்டும். அந்த அரை விநாடியில் ஓர் அடி எடுத்து வைத்தாலும் அம்பு தள்ளிப்போகும். பெரிய அம்பைத் தப்பான நேரத்தில் தொடுத்தாலும் தள்ளிப்போகும். ஒரு சண்டை ஐந்து நிமிடம் என்றால், இப்படித் தள்ளிப்போனவையே பத்து இருபது அம்பு ஆகிவிடும். நகர வேண்டியிருந்தால் அம்பு வில்லை விட்டுப் போன மறு கணம் நகர்ந்து, அடுத்தது கிளம்பும் முன் நின்றுவிட வேண்டும். பழகியவர்களைப் பார்த்தால் தாளம் போடுகிற மாதிரியே இருக்கும். ஒரே பட்டனை வெறித்தனமாகத் தட்டுகிறவர் பட்டியலில் எப்போதும் இவர்களுக்குக் கீழேதான் இருப்பார்.

சரி, தூரம் என்றால் எவ்வளவு? வில்லின் எட்டு 35 கஜம். அதற்கான திறமையில் புள்ளி போட்டிருந்தால் 41 கஜம். இந்த ஆறு கஜம் எதற்கு என்று கேட்டால், ‘மோல்ட்டன் கோர்’ என்ற எரிமலைக் குகைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். நாற்பது பேர் போகும் முதல் பெரிய ரெய்டு அது. அதில் இரண்டாவதாக வருவது மக்மடார் என்ற இரட்டைத் தலை நாய். யானையைவிடப் பெரிது. அது ஓர் ஊளை விட்டால் 30 கஜத்துக்குள் நிற்பவர்கள் பயந்து கண்மண் தெரியாமல் ஓடுவார்கள். ஓடுகிற வழியில் தரையெல்லாம் நெருப்பு. அதனால் எட்டி நிற்கத் தெரிந்த வில்லாளிக்கு ஊளை காதில் மட்டும் விழும்.

மக்மடாரிடம்தான் ஹன்டரின் மதிப்பு நாற்பது பேருக்கும் தெரியவரும். சற்றைக்கொரு தரம் அந்த நாய்க்கு வெறி ஏறும். வெறி ஏறிய நிலையில் அது அடிக்கிற அடியை எந்த டேங்க்காலும் நெடுநேரம் தாங்க முடியாது. அந்த வெறியைத் தணிக்க ஓர் அம்பு இருக்கிறது. அது ஹன்டரிடம் மட்டும்தான் உண்டு. அதைக் கற்றுத்தரும் புத்தகமும் கடையில் கிடைக்காது. அதே குகையின் முதல் எதிரியான லூசிஃப்ரானை வீழ்த்தினால்தான் கிடைக்கும். ஒரு முறை விட்டால் மறுபடி விட 20 விநாடி காத்திருக்க வேண்டும். வெறியோ அதற்கு முன்னாலேயே திரும்ப ஏறலாம். ஆகவே ஒருவரால் ஆகாது. இரண்டு மூன்று ஹன்டர்கள் முறை வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே வருகிற சிக்கல் மனித சுபாவம் சம்பந்தப்பட்டது. வெறி ஏறியதும் பதற்றத்தில் மூவரும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டால், அடுத்த வெறிக்கு யாரிடமும் அம்பு இருக்காது. ‘அவர் விடுவார்’ என்று மூவரும் காத்திருந்தால் டேங்க் செத்துவிடுவார். அதற்குப் பிறகு மிச்ச 39 பேரும் ஒவ்வொருவராக விழ வேண்டியதுதான். அம்பு குறி தவறவும் செய்யும். எனவே தன் முறை வந்தவர் விட வேண்டும், பட்டதா என்று பார்க்க வேண்டும், தவறிவிட்டால் அந்த நொடியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடுத்தவர் அதற்குத் தயாராக விரலை வைத்திருக்க வேண்டும். தவறியதைச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு விநாடி மௌனமாக இருந்தால் போதும், மறுபடி குகை வாசலிலிருந்து நடந்து வர வேண்டும். ரெய்டுத் தலைவர்கள் ‘நம்பர் ஒன் அடிக்காரர்’ யார் என்று பார்ப்பதைவிட, ‘மிஸ்’ என்று உடனே கத்துகிறவர் யார் என்று பார்த்துத்தான் அடுத்த வாரமும் கூப்பிடுவார்கள்.

அதே குகையில் பேரன் கெட்டன் என்று ஒருவன். அவன் யாராவது ஒருவரை உயிருள்ள வெடிகுண்டாக மாற்றிவிடுவான். எட்டு விநாடியில் வெடிக்கும். பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் அடி. அந்த ஆள் உடனே அம்பை நிறுத்திவிட்டுக் கூட்டத்தை விட்டு ஓட வேண்டும், அவ்வளவுதான் விதி. ‘இன்னும் ஒரே ஓர் அம்பு’ என்று நிற்பவர்கள் ஒவ்வொரு வாரமும் இருந்தார்கள்.

ஹன்டரின் தலைவலியில் பாதி அவருடைய வளர்ப்பு மிருகம். மேட்டிலிருந்து அவர் சுருக்கு வழியாகக் குதித்துவிடுவார். மிருகம் குதிக்காது, சுற்றுவழியில் ஓடிவரும். வரும்போது வழியில் நிற்கிற எதிரிகள் அத்தனை பேரையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும். குதிக்கும் முன் அதை அனுப்பிவைக்க மறந்த ஒருவரால் முழுக் கூட்டமும் செத்த கதை இந்த விளையாட்டில் வெகு சகஜம்.

மிருகத்தால் வந்த மிகப் பெரிய விபரீதம் 2005 செப்டம்பரில் நடந்தது. ஸுல்குரூப் என்ற புதிய ரெய்டு திறக்கப்பட்டது. அதன் கடைசி எதிரி ஹக்கார், ஆட்கள் மேல் ஒரு ரத்த நோயை ஏவுவான். நெருங்கி நிற்பவர்களுக்கு அது தொற்றும். அந்த ரெய்டுக்குள்ளேயே முடிந்துபோக வேண்டிய நோய். ஆனால் நோய் பிடித்த வளர்ப்பு மிருகத்தைச் சண்டை நடுவே அனுப்பிவிட்டு, பிறகு ஊருக்குள் வந்து மறுபடி அழைத்தால், அது நோயோடேயே வந்து நின்றது. கடைத்தெருவில் தொற்று பரவியது. சின்ன லெவல் ஆட்கள் கண்ணெதிரே செத்து விழுந்தார்கள். நகர வீதிகள் எலும்புக்கூடுகளாகக் கிடந்தன. கடைக்காரப் பொம்மைகள் நோயைச் சுமந்தும் சாகாமல் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தன. சிலர் ஊரை விட்டு ஓடினார்கள், சிலர் உதவ வந்தார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். நிறுவனம் தனிமைப்படுத்திப் பார்த்தது, பலிக்கவில்லை. கடைசியில் சர்வர்களையே திரும்பத் துவக்க வேண்டியதாயிற்று. எரிக் லாஃப்கிரென், நீனா ஃபெஃபர்மன் என்ற ஆய்வாளர்கள் இதை வைத்து 2007-ல் ‘லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீஸஸ்’ மருத்துவ இதழில் கட்டுரையே எழுதினார்கள். உண்மையான கொள்ளைநோயில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று யோசிக்க அது ஓர் எடுத்துக்காட்டு ஆனது.

ஹன்டருக்கென்றே ஒரு பரீட்சையும் வைத்திருந்தார்கள். மோல்ட்டன் கோரின் கடைசிக்கு முந்தைய எதிரியிடமிருந்து ஒரு கல்லான இலை கிடைக்கும். அதை எடுத்துப் போனால், நான்கு இடங்களில் உள்ள நான்கு பூதங்களைத் தனியாக வீழ்த்தச் சொல்வார்கள். வேறு யாராவது கை கொடுத்தால் பூதம் மறைந்துவிடும், கணக்கில் சேராது. நின்று அடித்தால் ஆகாது, பூதத்துக்குப் பிடிகொடுக்காமல் ஓடிக்கொண்டே, திரும்பித் திரும்பி அம்பு விட வேண்டும். தேறியவருக்கு ரோக்டெலார் என்ற வில். அந்த வில்லை முதுகில் பார்த்தால் ‘ஹன்டார்ட்’ என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இப்போது காலம் மாறிவிட்டது. ஒவ்வொரு சண்டையின் முழுக் கணக்கும் ‘வார்கிராஃப்ட் லாக்ஸ்’ தளத்தில் ஏறிவிடுகிறது. உலகத்தில் அதே பாத்திரத்தை ஆடுகிறவர்களோடு ஒப்பிட்டு, சாம்பல், பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு என்று நிறம் கொடுக்கிறார்கள். நிறத்துக்காக ஆடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சின்ன எதிரிகள் ஹீலர் மேல் பாய்ந்தாலும் கண்டுகொள்ளாமல் பெரிய எதிரியையே அடித்து ஆரஞ்சு வாங்கிவிட்டு, ‘ஏன் தோற்றோம்?’ என்று கேட்பார்கள். அவசரத்துக்கு ஓட வேண்டிய வேலைகள் பெரும்பாலும் தள்ளி நிற்பவர் தலையில்தான் விழும், ஏனென்றால் ஓடிக்கொண்டே அவரால்தான் கொஞ்சமாவது அடிக்க முடியும். அப்படி ஓடியவருடைய நிறம் மங்கத்தான் செய்யும். ஆனால் செத்துக் கிடப்பவரின் அடி பூஜ்யம். பட்டியலைப் படிக்கத் தெரிந்த தலைவர் முதலில் யார் எத்தனையாவது நிமிடத்தில் செத்தார் என்றுதான் பார்ப்பார்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். இந்த விளையாட்டை நிறுத்திவைக்க முடியாது. ‘சாப்பிட வா’ என்று அம்மா கூப்பிடும் நேரத்தில் பிள்ளை ‘அஞ்சு நிமிஷம்’ என்றால், அது பெரும்பாலும் நிஜமான ஐந்து நிமிடம்தான், ஒரு சண்டையின் நீளம். ‘இப்பவே எழுந்திரு’ என்பதைவிட ‘அடுத்த பாஸுக்கு முன்னால வா’ என்று சொன்னால் காரியம் நடக்கும். அதே சமயம், ரெய்டு மூன்று மணி நேரம் என்பதும், அது எப்போது முடியும் என்பதும் பிள்ளைக்கு முன்கூட்டியே தெரியும். அதைச் சாயங்காலமே வீட்டில் சொல்லிவிடுவது அவன் வேலை, அவள் வேலை. கூட்டத்துக்கு நேரம் தவறாதவர் வீட்டுக்கும் தவறக் கூடாது அல்லவா?

தயாரிப்பு என்று பார்த்தால் அந்நாளைய ஹன்டர் பாவம். மற்றவர்கள் மருந்துக் குப்பிகளோடு வந்தால், இவர் அம்பும் சுமக்க வேண்டும். ஒரு கட்டுக்கு 200 அம்பு, அம்பறாத்தூணி நிறைய கட்டுகள். நடு ரெய்டில் தீர்ந்துபோனால் குகைக்குள் கடை கிடையாது. வில்லை வைத்துக்கொண்டு வெறும் கையோடு நின்றவர்கள் உண்டு. மிருகத்துக்குத் தீனி வேறு. 2010-ல் அம்பு எண்ணிக்கையையே எடுத்துவிட்டார்கள், வில் இருந்தால் போதும் என்றானது. பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். 2019 ஆகஸ்டில் பழைய விளையாட்டைப் பழையபடியே ‘கிளாஸிக்’ என்ற பெயரில் மறுபடி திறந்தபோது அம்பும் திரும்பி வந்தது. பதினைந்து வருடம் வயது கூடிய ஹன்டர்கள் திரும்பவும் ரெய்டுக்கு முன் கடைக்குப் போய் நின்று, கட்டு கட்டாக எண்ணி வாங்க ஆரம்பித்தார்கள்.