அலைகடலும் ஆத்தூர்ப் பிள்ளையும்

"சேலத்துக்கும் சமுத்திரத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்கிறார்கள், கேலியாக. மாம்பழம் பேசு, மரவள்ளி பேசு, நாமக்கல் லாரியைப் பேசு. கடல் உனக்கேன் என்கிறார்கள்.

சொல்கிறோம், கேளுங்கள். கல்வராயன் மலையிலே பிறந்து, ஆத்தூரைத் தொட்டு, தலைவாசலைக் கடந்து ஓடுகிறதே வசிஷ்ட நதி, அது போய்ச் சேருமிடம் எது? வெள்ளாற்றிலே கலந்து, பரங்கிப்பேட்டையிலே வங்கக் கடலில் விழுகிறது! ஆத்தூர்ச் சந்தையிலே நாம் வீசியெறிந்த பிளாஸ்டிக் பை, வெள்ளம் வந்தால் அதே வழியில் பயணம் புறப்படுகிறது, டிக்கெட் இல்லாமல்! கடலும் நம்மை விட்டுவைக்கவில்லை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரையேறியது புதுவை அருகே. மண் சரிந்ததோ நமது ஏற்காட்டு மலைப்பாதையில்!

நடுக்கடலில் அந்தக் குப்பை எவ்வளவு கிடக்கிறது? கணக்கெடுத்தவர்களிலே மாணவர்களும் உண்டு. அமெரிக்காவிலே 1971இல் தோன்றிய கடல் கல்விச் சங்கம், கல்லூரி மாணவர்களைப் பாய்மரக் கப்பலில் ஏற்றிச் செல்கிறது. சொகுசுப் பயணமல்ல, தோழர்களே! ஆலைத் தொழிலாளிக்கு ஷிப்ட் உண்டல்லவா? அங்கும் உண்டு. நள்ளிரவில் எழுப்பினால் எழ வேண்டும். கயிறு இழுக்க வேண்டும், பாய் ஏற்ற வேண்டும், தளம் கழுவ வேண்டும், சமையற்கட்டிலே பாத்திரமும் தேய்க்க வேண்டும். இடையே, சல்லடை போன்ற நுண்ணிய வலையைக் கடலின் மேற்பரப்பிலே விட்டு, ஒரு கடல்மைல் தூரம் இழுத்து, சிக்கியதைச் சிறு இடுக்கியால் பொறுக்கி எண்ண வேண்டும். கப்பல் ஆடும், குடல் குமட்டும், எண்ணிக்கை தவறக்கூடாது!

1986 முதல் 2008 வரை 22 ஆண்டுகள், வட அட்லாண்டிக்கிலும் கரீபியன் கடலிலும் ஆறாயிரம் தடவைக்கு மேல் இழுத்தார்கள். நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்ட தடவை பிளாஸ்டிக் சிக்கியது. 2010இல் 'சயன்ஸ்' ஏடு அதை உலகுக்கு அறிவித்தது. பேராசிரியர் கண்டது மட்டுமா அது? பிள்ளைகளின் கை இழுத்த கயிறு கண்டது!

இங்கே கப்பலுக்குப் பஞ்சமா? தரங்கிணி, சுதர்சினி என்று இரண்டு பாய்மரக் கப்பல்கள் உண்டு, கடற்படைப் பயிற்சிக்கு. சாகர் நிதி உண்டு, விஞ்ஞானிகளுக்கு. வேண்டாமென்றா சொல்கிறோம்? இராசிபுரத்து நெசவாளி மகனுக்கும், ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளி மகளுக்கும் எது என்றுதான் கேட்கிறோம்.

பணமில்லை என்பார்கள். அமெரிக்க அதிபர் ட்ரூமன் உலவிய உல்லாசக் கப்பல் பிற்காலத்தில் ஆய்வுக் கப்பலாக மாறி, 'ஆன்டன் புரூன்' என்ற புதுப்பெயரோடு 1963இல் இந்தியப் பெருங்கடலுக்கே வந்தது. உல்லாசக் கப்பல் ஆய்வுக்கூடமாகும்போது, மாணவருக்கென்று ஒரு பாய்மரக் கப்பல் கட்டினால் கஜானா கவிழ்ந்துவிடுமோ?

பரங்கிப்பேட்டையிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கப்பல் அங்கே நிற்கட்டும். அரசுக் கல்லூரிப் பிள்ளைகளைக் கட்டணமின்றி ஏற்றட்டும். பாடம் தமிழிலே நடக்கட்டும். முதல் வலையை வெள்ளாற்று முகத்துவாரத்திலேயே இழுக்கட்டும். சிக்கிய பிளாஸ்டிக்கை ஆத்தூர்ப் பிள்ளையே எண்ணி, அந்தக் கணக்கை ஆத்தூர் நகராட்சி வாசலிலே எழுதி ஒட்டட்டும்!