கேஸ்கட்டில் எங்கே மிச்சம் பிடிக்கலாம்?



அப்பா ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் உங்களில் சிலர் உண்டு. 1996-லேயே தயாரிப்பு நின்ற வண்டி. எஞ்சினைப் பிரித்தால் கேஸ்கட்டுக்கு, மெக்கானிக் சொல்லும் ‘பேக்கிங்’குக்கு, அலைய வேண்டும். கையில் காசும் குறைவு.

கிளட்ச் கவர் பேக்கிங்கில் தாராளமாக மிச்சம் பிடியுங்கள். அதே கனத்தில் ஷீட் வாங்கி, பழையதை அச்சாக வைத்து வெட்டிக்கொள்ளலாம். ஒழுகினால் கவரை மட்டும் கழற்றினால் போதும்.

சிலிண்டருக்கு அடியில் உள்ளது அப்படியல்ல. கனம் கூடினால் கம்ப்ரஷன் குறையும், போர்ட் திறக்கும் நேரமும் மாறும். அங்கே காற்று புகுந்தால் பெட்ரோல் கலவை நீர்த்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஹெட் கேஸ்கட்டோ எரியும் வாயுவின் அழுத்தத்தையே தாங்குகிறது. இந்த இரண்டையும் தரமானதாகவே வாங்குங்கள்.

சென்னை என்றால் ஜி.பி. ரோட்டில் தேடலாம். பழையதைக் கையோடு கொண்டுபோய், துளைக்குத் துளை பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

நான் மெக்கானிக் அல்ல, கணக்கு வாத்தியார். மலிவு கேஸ்கட்டின் விலையோடு, எஞ்சினை இரண்டாம் முறை பிரிக்கும் கூலியையும் கூட்டிப் பாருங்கள். எது மலிவு என்று விடை தானே வரும்.