சக்தி குறையவில்லை, பிரேக் விழுந்திருக்கிறது

மருந்துக்கடை அடுக்குகளில் “நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்” என்று எழுதிய போத்தல்களைப் பார்த்திருப்பீர்கள். நம் எதிர்ப்புச் சக்தி கைப்பேசி பேட்டரியைப் போன்றது, குறைந்தால் ஏற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை அவை வளர்க்கின்றன. என்னைக் கேட்டால், இந்த எண்ணத்தைப் பள்ளிப் பருவத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

பல புற்றுநோய்க் கட்டிகளின் துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால், உள்ளே டி அணுக்கள் தெரியும். புற்றணுவைக் கொல்லக்கூடிய வெள்ளை இரத்த அணுக்கள் அவற்றில் உண்டு. ஆள் இருக்கிறது, வேலைதான் நடக்கவில்லை. ஏன்?

டி அணுவின் மேற்பரப்பில் பிடி-1 என்ற புரதம் இருக்கிறது. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுகு ஹோன்ஜோவின் குழு 1992இல் அதை அறிவித்தது. பிடி-எல்1 என்ற மற்றொரு புரதம் அதில் வந்து ஒட்டினால், டி அணுவுக்குள் “நில்” என்ற சமிக்ஞை போகும். நம் சொந்தத் திசுக்கள் சேதமாகாமல் காக்கும் ஏற்பாடு இது. பல புற்றணுக்கள் இதே பிடி-எல்1ஐத் தம்மேல் போர்த்திக்கொள்கின்றன. இதில் ஒரு விசித்திரம் உண்டு. டி அணு தாக்கத் தொடங்கும்போது இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது பட்டதும் புற்றணு பிடி-எல்1ஐ இன்னும் அதிகமாகக் காட்டுகிறது. அதாவது, தாக்குதலே பிரேக்கை வரவழைக்கிறது! இங்கே சக்தியைக் கூட்டி என்ன பயன்?

பிரேக்கை விடுவிப்பதே வழி என்று நினைத்தார் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன். சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கை எதிர்ப்புரதத்தால் தடுத்தபோது எலிகளின் கட்டிகள் மறைந்ததை அவர் குழு 1996இல் வெளியிட்டது. அவ்வகை மருந்து ஒன்று 2011இல் முற்றிய தோல் புற்றுநோய்க்கு அங்கீகாரம் பெற்றது. 2018இல் இருவருக்கும் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது.

ஆனால் பிரேக்கே இல்லாத உடலும் ஆபத்துதான். சிடிஎல்ஏ-4 மரபணு நீக்கப்பட்ட எலிகள் பிறந்த சில வாரங்களில் இறந்துபோகின்றன; டி அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி அவற்றின் உறுப்புகளுக்குள்ளேயே புகுந்துவிடுகின்றன. இம்மருந்துகளைப் பெறும் நோயாளிகள் சிலருக்கும் குடல், தைராய்டு, நுரையீரல் அழற்சி வருகிறது. எதிர்ப்புச் சக்தி “கூடினால்” நடப்பது இதுவும்தான். எந்தப் போத்தலிலும் இதை அச்சிட்டு நான் பார்த்ததில்லை.

வேறு சில கட்டிகளுக்குள் டி அணுக்கள் மிகக் குறைவாகவே நுழைகின்றன. அங்கே பிரேக்கை விடுவித்தும் பலனில்லை. ஓட்டுவதற்கு வண்டியே இல்லை. கணையப் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோருக்கு இம்மருந்துகள் கைகொடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.