எண்ணுக்குள் மறையும் பிரிவு

நுழையும்முன்

மேடைகளிலும் செய்தித்தாள்களிலும் புள்ளிவிவரம் முடிந்த முடிபாக முன்வைக்கப்படுகிறது. ஓர் எண் எதைக் காட்டுகிறது என்பதோடு, எதைக் காட்டாமல் விடுகிறது என்பதையும் அறிவது கற்றவர் கடன். இந்தியாவின் மணமுறிவு எண்ணிக்கையை அவ்வகையில் ஆராய்கிறது இக்கட்டுரை.

உலகில் மணமுறிவு மிகக் குறைந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று என்பர். நூறு திருமணங்களில் ஒன்றுகூட முறிவதில்லை எனப் பட்டிமன்றங்களில் முழங்கக் கேட்கலாம். அவ்வாறு கூறுவோர், 'ஆகவே நம் இல்லறங்கள் இனியவை' என்னும் முடிவுக்கும் உடனே வந்துவிடுகின்றனர். முதற்கூற்றுக்கு ஓரளவு சான்று உண்டு. அச்சான்று இரண்டாம் கூற்றையும் தாங்குமா என்பதே இங்கு எழும் வினா.

கணக்கெடுப்பு கூறுவது

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரின் திருமண நிலையும் கேட்டறியப்படுகிறது. முந்தைய கணக்கெடுப்பில், மணமுறிவு பெற்றவரும் முறைப்படி முறிவு பெறாமல் பிரிந்து வாழ்பவரும் ஒரே குறியீட்டின்கீழ்ப் பதியப்பட்டனர். 2011ஆம் ஆண்டில் இவ்விரு நிலைகளுக்கும் தனித்தனிக் குறியீடுகள் தரப்பட்டன. படிவத்தில் செய்யப்பட்ட இச்சிறு மாற்றம் பெரியதோர் உண்மையை வெளிக்கொணர்ந்தது.

அக்கணக்கெடுப்பின்படி, மணமுறிவு பெற்றோர் ஏறத்தாழ 13 இலட்சத்து 62 ஆயிரம் பேர். பிரிந்து வாழ்வோர் ஏறத்தாழ 35 இலட்சத்து 35 ஆயிரம் பேர். சட்டப்படி முறிந்த மணங்களைக் காட்டிலும், சட்டத்தின் வாயிலுக்கே வராமல் உடைந்து கிடக்கும் மணங்கள் இரண்டரை மடங்கிற்கும் மிகுதி. மேடைகளில் எடுத்துக்காட்டப்படும் எண் பெரும்பாலும் முதல் எண்ணே. இரண்டாம் எண்ணை நினைவூட்டுவோர் சிலரே.

இவ்விரு எண்களும்கூட முழுமையானவை அல்ல. கணக்கெடுப்பாளர் எந்தச் சான்றிதழையும் கேட்பதில்லை. வீட்டார் சொல்வதையே எழுதுகிறார். 'மகள் விருந்துக்கு வந்திருக்கிறாள்' என்று தாய் கூறிவிட்டால், ஆண்டுக்கணக்கில் பிறந்த வீட்டில் இருப்பவளும் மணவாழ்வில் இருப்பவளாகவே பதியப்படுவாள். பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டிலேயே நாடு முழுமைக்குமான சட்டம் இயற்றப்பட்டது. திருமணத்துக்கும் மணமுறிவுக்கும் அத்தகைய பொதுப்பதிவு முறை இல்லை. வழக்காற்றின்படி ஊரார் முன்னிலையில் தீர்த்துக்கொள்ளும் முறிவை 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் விலக்கவில்லை. அவையோ நீதிமன்ற ஏடுகளில் இடம்பெறுவதில்லை.

இரட்டிப்பாகும் பெண்கள்

மணமுறிவு பெற்ற ஆண்கள் ஏறத்தாழ 4 இலட்சத்து 53 ஆயிரம் பேர். பெண்களோ 9 இலட்சத்துக்கும் மேல். பிரிந்து வாழும் ஆண்கள் 11 இலட்சத்து 62 ஆயிரம் பேர். பெண்கள் 23 இலட்சத்து 72 ஆயிரம் பேர். ஒரு மணம் பிரியும்போது ஓர் ஆணும் ஒரு பெண்ணும்தாமே பிரிகின்றனர்? பெண்களின் எண்ணிக்கை எவ்வாறு இருமடங்காகும்?

ஆண் மறுமணம் செய்துகொண்டு மீண்டும் 'மணவாழ்வில் இருப்பவர்' வரிசையில் சேர்ந்துவிடுகிறான். பெண் பழைய வரிசையிலேயே நிற்கிறாள். இவ்வேறுபாட்டிற்கு இதுவே முதன்மைக் காரணம். மறுமணம் ஆணுக்கு எளிதாகவும் பெண்ணுக்கு அரிதாகவும் இருக்கும் நிலையைக் கணக்கெடுப்பு அட்டவணை ஒரு சொல்லும் சொல்லாமல் உணர்த்திவிடுகிறது.

முறையான முறிவு பெறாத பெண்ணின் நிலை இன்னும் இடர் மிக்கது. அவளால் சட்டப்படி மறுமணம் செய்துகொள்ள இயலாது. கணவன் கையொப்பம் வேண்டும் இடங்களில் தடுமாறுகிறாள். வாழ்க்கைப்படி கேட்டு வழக்காடப் பொருளும் துணையும் இருப்பதில்லை. கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கெனத் தமிழ்நாடு அரசு தனியே ஓய்வூதியத் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. அப்படியொரு திட்டம் தேவைப்படுவதே, மணமுறிவு எண்ணிக்கைக்குள் அடங்காத பெண்கள் எத்துணைப் பேர் என்பதற்குச் சான்றாகும்.

கண்ணகியின் வாயிலில்

மாதவியோடு கோவலன் வாழ்ந்த நாள்களில், புகார் நகரத்துக் கண்ணகியின் வாயிலுக்கு ஒரு கணக்கெடுப்பாளர் சென்றிருந்தால் என்ன எழுதியிருப்பார்? கணவனின் பெற்றோர் முன்னிலையில் தன் துயரை மறைத்துப் புன்முறுவல் காட்டியவள் அவள். மதுரையில், கொலைக்களக் காதையில்தான் அதனைக் கோவலனிடம் வெளிப்படுத்துகிறாள். கணக்கெடுப்பாளரிடமும் அதே முறுவலைத்தான் காட்டியிருப்பாள். 'மணவாழ்வில் இருப்பவர்' என்று எழுதிக்கொண்டு அவரும் அடுத்த வீட்டுக்குச் சென்றிருப்பார். புகாரின் புள்ளிவிவரத்தில் குறையேதும் தெரிந்திராது.

கண்ணகியின் பொறுமையைப் போற்றும் சமூகம், அப்பொறுமைக்குப் பின்னிருந்த துயரைக் கணக்கில் கொள்ளத் தவறலாகாது.

எண்ணும் உரிமையும்

மாநிலங்களை ஒப்பிட்டால் மற்றோர் உண்மை புலப்படும். 2011 கணக்கெடுப்பின்படி மணமுறிவு விகிதம் மிகுந்த மாநிலம் மிசோரம். அங்குப் பெண்கள் கடைகளிலும் சந்தைகளிலும் பொருளீட்டுவது இயல்பு. விகிதம் குறைந்த மாநிலங்களுள் ஒன்று பீகார். அங்கு 20 முதல் 24 அகவைக்குட்பட்ட பெண்களுள் 40.8 விழுக்காட்டினர் 18 அகவை நிரம்புமுன்னரே மணம் செய்விக்கப்பட்டவர்கள் என்கிறது 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. படிப்பு முடியுமுன் மணமாகி, சொந்த வருவாயும் இல்லாத பெண், துன்பம் நேர்ந்தாலும் எங்குச் செல்வாள்? குறைந்த விகிதம் அன்பின் வலிமையால் அமையலாம். வெளியேறும் வழி இல்லாமையாலும் அமையலாம். எண்ணை மட்டும் பார்ப்பவரால் இரண்டையும் வேறுபடுத்தி அறிய இயலாது.

சட்டத்தின் கதவு திறக்கும்போதும் குறுகும்போதும் எண் மாறும். பிற நாடுகளின் பட்டறிவும் இதனைக் காட்டுகிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் மணமுறிவை எளிதாக்கிய சட்டம் 1971இல் நடைமுறைக்கு வந்தது. 1970இல் 58 ஆயிரமாக இருந்த மணமுறிவு, 1972இல் 1 இலட்சத்து 19 ஆயிரமானது. அவ்விரு ஆண்டுகளுக்குள் அந்நாட்டார் அன்பை இழந்துவிடவில்லை. முன்னரே பிரிந்திருந்தவர்கள் சட்டத்தின் ஏட்டில் இடம்பெற்றனர். சீனாவில் 2021 முதல், விண்ணப்பித்தபின் முப்பது நாள் காத்திருக்க வேண்டும் என்னும் விதி வந்தது. பதிவு அலுவலகங்களில் பதிவான மணமுறிவு ஏறத்தாழ 37 இலட்சத்திலிருந்து ஓராண்டில் 21 இலட்சமாகக் குறைந்தது. அதனைக் கொண்டு இல்லறங்கள் செழித்தன என்று கூறிவிட முடியுமா?

தமிழகம் இக்கதவின் தேவையை முன்னரே உணர்ந்த மண். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, மணவாழ்வை முடித்துக்கொள்ளும் உரிமை கணவன், மனைவி இருவருக்கும் வேண்டும் எனத் தீர்மானித்தது. நாடு தழுவிய இந்து திருமணச் சட்டம் வருமுன்னரே, 1949இல் சென்னை மாகாணம் மணமுறிவுக்கு வழிசெய்யும் சட்டத்தை இயற்றியது. இருவரும் ஒருமனப்பட்டுப் பிரியும் உரிமை 1976ஆம் ஆண்டின் திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் இடம்பெற்றது.

அஞ்சத்தக்கது எது?

குடும்பம் நிலைத்திருத்தல் பெரும்பேறு. பெற்றோரின் பிரிவால் குழந்தைகள் அடையும் துயரும் சிறிதன்று. சிறு பிணக்குகளைப் பொறுத்தலும், மூத்தோர் அறிவுரையைக் கேட்டலும் இல்லறத்துக்கு இன்றியமையாதன. இவற்றை மறுப்பார் இலர். பொறுத்தற்குரிய பிணக்கையும் பொறுக்கலாகாக் கொடுமையையும் ஒன்றெனக் கொள்வதுதான் பிழை.

குடும்ப நீதிமன்றங்களில் வழக்குகள் பெருகுவது கண்டு அஞ்சுவோர், உடன்நிகழும் மற்றொரு மாற்றத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாட்டில் 18 அகவைக்குமுன் மணமான பெண்கள், 2005-06இல் 47.4 விழுக்காடு, 2015-16இல் 26.8 விழுக்காடு, 2019-21இல் 23.3 விழுக்காடு. சிறுமியாக மணமேடை ஏறாதவள் பள்ளிக்குச் செல்கிறாள், பணிக்குச் செல்கிறாள், தனக்கு நேரும் கொடுமையைக் கொடுமை என்று சொல்லவும் கற்கிறாள். அவள் நீதிமன்றப் படியேறுவதால் பண்பாடு சிதையாது. அவள் படியேற வேண்டிய நிலையை உருவாக்கிய வீடுகளில்தான் சிதைவு தொடங்குகிறது.

2021இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்டுள்ளது. கணக்கெடுப்பாளர்களாகச் செல்வோருள் ஆசிரியர்கள் பலர். வாயிலில் நிற்பவரிடம் உண்மையைக் கூறப் பெண் கூசாத சூழலை உருவாக்குவது சமூகத்தின் பொறுப்பு. பிரிந்து வாழ்பவள் என்று சொன்னால் ஊர் பழிக்கும் என்னும் அச்சம் நீங்கினால், அட்டவணையில் அவ்வெண் உயரக்கூடும். அவ்வுயர்வைக் கண்டு தலைகுனிய வேண்டுவதில்லை. மறைந்திருந்த துயர் கணக்கில் ஏறினால்தான் அதற்குரிய உதவியும் சென்று சேரும். எத்தனை மணங்கள் முறியவில்லை என்று எண்ணுவதோடு நில்லாமல், எத்தனை மணங்களில் இருவரும் மதிப்போடு வாழ்கின்றனர் என்றும் கேட்கத் தொடங்குவதே அறிவுடைச் சமூகத்துக்கு அழகு.