மழலையர்க்கு ஏற்ற அன்பளிப்பு

பிள்ளைத்தமிழ் பயிலும் மாணாக்கர், பத்துப் பருவங்களின் பெயர்களையும் வரிசை பிறழாமல் ஒப்பிக்கக் கேட்டிருக்கிறோம். ஆயின், ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதியில் நிற்கும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகிய மூன்றும் குழந்தையின் விளையாட்டைப் பற்றியவை என்பதை எத்துணைப் பேர் நின்று எண்ணியிருப்பர் என்பது ஐயமே. மணலால் எழுப்பும் வீடு, கையால் தட்டும் பறை, கயிறு கட்டி இழுக்கும் தேர். பெண்பாலாயின் கழங்கும் அம்மானையும் ஊசலும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களையும் முகியித்தீன் ஆண்டகையையும் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு பிள்ளைத்தமிழ் யாத்த நம் இசுலாமியப் புலவர்களும் இப்பருவ மரபினைப் போற்றியே பாடினர்.

இவற்றுள் ஒன்றேனும் தானே இயங்குவதன்று. தட்டினாலன்றிப் பறை ஒலியாது. இழுத்தாலன்றித் தேர் ஓடாது. குவித்தாலன்றி மணல் வீடாகாது. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர், குதிரை பூட்டாத மூன்றுருளைச் சிறுதேரினை உருட்டி விளையாடுகின்றனர். உலர்த்திய உணவைக் கவர வந்த கோழியை விரட்ட மகளிர் வீசிய பொற்குழை, அத்தேரின் வழியை மறித்துக் கிடக்கின்றது. அந்நகரின் செல்வச் செழிப்பிற்குச் சான்றாக இப்பகுதியை வகுப்பறையில் விளக்கிவிட்டு நாம் அடுத்த அடிக்குச் சென்றுவிடுகிறோம். பொன்னை வீசி எறியும் அவ்வீட்டிலும் பிள்ளையின் கைக்குக் கொடுக்கப்பட்டது உருட்டித் திரியும் ஒரு தேர்தான் என்பதும், அப்பிள்ளைக்கு அந்தப் பொன் வெறும் இடையூறாகவே இருந்தது என்பதும் நம் கருத்தைக் கவர வேண்டியவை.

இன்று நாம் குழந்தைகட்கு வாங்கித் தருபவை எத்தகையன? விசையை அழுத்தினால் விளக்கெரிந்து, இசை முழங்கி, சுவரில் மோதித் தானே திரும்பி வரும் மகிழுந்து. அழவும் சிரிக்கவும் பழக்கப்பட்ட பொம்மை. குழந்தை செய்ய வேண்டியவற்றையெல்லாம் பொம்மையே செய்துவிடுகிறது. குழந்தைக்கு எஞ்சியிருப்பது பார்த்துக்கொண்டிருக்கும் வேலை ஒன்றுதான். மூன்றாம் நாள் அப்பொருள் அலமாரியின் உச்சிக்குச் செல்ல, அது வந்த அட்டைப்பெட்டி வண்டியாகவும் வீடாகவும் கப்பலாகவும் கூடமெங்கும் இழுபடுவதைக் காணாத தாய்மார் இரார். ஒரு பொருளைக் கொண்டு குழந்தை தானே எத்தனை செயல்கள் செய்யக்கூடும் என்பதைக் கொண்டே அன்பளிப்பின் தகுதியை அளக்க வேண்டும் என்பது நம் துணிபு.

செருமானிய நாட்டில் 1837-இல் மழலையர்க்கெனக் கல்விப் பணி தொடங்கிய பிரோபெல் என்னும் அறிஞர், தாம் வகுத்த விளையாட்டுக் கருவிகளுக்குச் சூட்டிய பெயரே 'அன்பளிப்புகள்' என்பது. முதலாவது, வண்ண நூலால் பொதிந்த மென்பந்துகள். மூன்றாவது, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு மரக்கட்டை. அந்த எட்டுத் துண்டுகளைக் குழந்தை நாற்காலியாக்கும், படிக்கட்டாக்கும், பின்பு கலைத்துப் பாலமாக்கும். நம் ஊர்த் தச்சரிடம் சொன்னால் ஒரு பொழுதில் இழைத்துத் தரக்கூடிய பொருள் இது. தீப்பெட்டி, தீக்குச்சி, பழைய செய்தித்தாள் என்று வீட்டில் எறியப்படுபவற்றைக் கொண்டே அறிவியல் விளையாட்டுப் பொருள்களைச் செய்து காட்டி வரும் அரவிந்த் குப்தா அவர்களுக்கு 2018-இல் நடுவணரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவருடைய பொம்மைகளின் விலையைக் கேட்பார் இரார், செய்முறையையே கேட்பர்.

பொம்மை என்றதும் நம் பெரியோர் சிலர்க்கு மார்க்கம் பற்றிய தயக்கம் எழுவதை அறிவோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கிடையே ஒரு குதிரை இருந்ததையும், அதற்குத் துணித் துண்டுகளால் இரு சிறகுகள் அமைந்திருந்ததையும், 'குதிரைக்குச் சிறகா?' என்று பெருமானார் (ஸல்) வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவே என்று அன்னையார் விடையிறுத்ததையும், அது கேட்டுப் பெருமானார் நகைத்ததையும் அபூதாவூத் நூல் பதிவு செய்துள்ளது. குழந்தைகளின் பொம்மைகளுக்குச் சட்ட அறிஞர் பலர் இடமளித்துள்ளனர். அக்குதிரையின் சிறகு கந்தைத் துணியாலானது என்பதை ஈண்டு நாம் குறித்துக்கொள்கிறோம்.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை போன்ற ஊர்களில் இச்செய்திக்கு இன்னொரு முகம் உண்டு. பொருள்வயிற் பிரிந்த தந்தையர் வளைகுடாவிலிருந்தும் சிங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் விடுப்பில் வரும்போது பெட்டி நிறையப் பொம்மைகள் வருகின்றன. அவர்களைக் குறைகூற நமக்கு மனமில்லை. பிரிந்திருந்த காலத்திற்கு எதையேனும் ஈடு செய்யத் துடிக்கும் உள்ளம் அது. ஆயினும், 'வாப்பா எங்கே?' என்றால் கைப்பேசியின் திரையைச் சுட்டும் பிள்ளைகள் வளரும் வீடுகளில், நாற்பது நாள் விடுப்பில் தந்தை கொடுக்கத்தக்கது அயல்நாட்டு மகிழுந்தன்று. பனையோலை கிழித்துக் காற்றாடி செய்யவும், ஓலைக் கிலுகிலுப்பை முடையவும், பட்டம் கட்டவும் நம் பாட்டன்மார் அறிந்திருந்தனர். பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி அதனைச் செய்து முடிக்க ஒரு மாலை போதும். அவர் மீண்டும் வானூர்தி ஏறிய பின்னர்ப் பிள்ளை தானே ஓலையைக் கிழித்துப் பார்க்கும். உம்மம்மா கோணலை நிமிர்த்திக் கொடுப்பார்.

அப்பெட்டி திறக்கப்படும் கூடத்தில் வேறு கண்களும் உள்ளன. ஒருவன் பிள்ளைக்குப் பேட்டரிக் கார். உள்ளூரிலேயே கடை வைத்திருக்கும் தம்பியின் பிள்ளைக்கு மிட்டாய். தந்தையை இழந்து அவ்வீட்டிலேயே வளரும் பிள்ளைக்குத் தலையைத் தடவுதல் மட்டும். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. அவருக்கு ஓர் அன்பளிப்பைத் தந்த தந்தை, மனைவியின் விருப்பப்படி அதற்குச் சாட்சியாக இருக்குமாறு பெருமானாரை வேண்டினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே வழங்கினீரா என்று பெருமானார் வினவினார். இல்லை என்ற விடை வந்ததும், மக்களிடையே நீதியோடு நடக்குமாறு அறிவுறுத்தினார். தந்தையும் கொடுத்ததைத் திரும்பப் பெற்றார். அத்தீர்ப்பு ஒருவர் தம் மக்களைப் பற்றியது. ஒரே கூரையின்கீழ் ஒரே சகனில் உண்ணும் உடன்பிறந்தார் மக்களுக்கும் அதன் உட்கருத்தைக் கொண்டு செல்வது பிழையாகாது என்றே கருதுகிறோம். எல்லார்க்கும் ஒரே பொருள் வேண்டுமென்பதில்லை. இரண்டு வயதினர்க்குப் பந்தும் ஏழு வயதினர்க்குப் படக்கதை நூலும் தரலாம். ஒருவர்க்குப் பொருளும் மற்றவர்க்கு வேடிக்கையும் என்பதே கூடாதது.

வயதினைக் கருதாமல் வாங்குவதால் நேரும் தீங்கும் சிறிதன்று. ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் அகலமுள்ள சோதனை உருளைக்குள் அடங்கிவிடும் சிறு துண்டுகளைக் கொண்ட பொம்மை, மூன்று வயதிற்குட்பட்டோர்க்கு ஆகாது என்பது பல நாடுகளின் விதி. தொண்டையை அடைக்கும் என்பதே காரணம். இதனினும் கொடியது பொம்மைகளிலும் பாட்டு பாடும் வாழ்த்து அட்டைகளிலும் இருக்கும் பொத்தான் வடிவப் பேட்டரி. குழந்தை அதனை விழுங்கி அது உணவுக்குழாயில் தங்குமாயின், இரண்டே மணி நேரத்தில் குழாயை அரித்துப் புண்ணாக்கவல்லது. ஆகவே, திருகாணியால் மூடப்படாத பேட்டரி அறையுள்ள பொம்மையை எவர் தந்தாலும் வாங்கி ஒதுக்கி வைத்துவிடுதல் நன்று. நம் நாட்டில் 2021 சனவரி முதல் நாளிலிருந்து பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது, பதிவு பெற்ற கைவினைஞர்க்கு விலக்கு உண்டு. கைப்பேசியையே அன்பளிப்பாக நீட்டும் மாமன்மார்க்கு ஒன்று சொல்வோம்: இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டாம், ஐந்து வயதிற்குட்பட்டோர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் அறிவித்துள்ளது.

அகீகா விருந்திலும் சுன்னத்துக் கலியாணத்திலும் குவியும் மோதிரங்களைப் பற்றி நாம் விரித்துரைக்கப் போவதில்லை. அவை குழந்தைக்குத் தரப்படுபவை அல்ல; குழந்தையின் பெயரால் ஒரு குடும்பம் மற்றொரு குடும்பத்திற்குத் தரும் கடன்; திருப்பிச் செலுத்தும் நாளுக்காகக் குறிப்பேட்டில் ஏறுபவை.

ஆனால், நம் பொறுப்பில் நடைபெறும் ஒன்றைச் சொல்லாமல் விட இயலவில்லை. மதரஸா ஆண்டு விழாவில் சூராக்களைத் திருத்தமாக ஓதி முதற்பரிசு பெறும் ஆறு வயதுச் சிறுமிக்கு நாம் வழங்குவது எவர்சில்வர் தூக்குச்சட்டி. மேடையிறங்கும்போதே அது தாயின் கைக்கு மாறிவிடுகிறது. நேஷனல் புக் டிரஸ்ட் போன்ற நிறுவனங்கள் வண்ணப் படங்களுடன் தமிழில் வெளியிடும் சிறுவர் நூல்கள் குறைந்த விலையிலேயே கிடைக்கின்றன. ஒரு தூக்குச்சட்டியின் விலையில் சிலவற்றை வாங்கலாம். இவ்வாண்டு விழாவிற்கான பரிசுப் பட்டியல் ஜமாஅத் நிர்வாகிகளின் முன் வைக்கப்படும்போது, பாத்திரக் கடைக்கு ஆளனுப்புமுன் நம் துறை மாணவர் இருவரை அழைத்துக் கேட்பார்களாயின், எந்த வயதினர்க்கு எந்த நூல் என்று எழுதிக் கொடுக்க அவர்கள் அணியமாயுள்ளனர்.