கரண்ட் போனால் லேண்ட்லைனும் போகிறதே, ஏன்?

நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி வரும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி: ‘நாளை மின்தடை’. துணை மின் நிலையத்தில் பராமரிப்புப் பணி, காலை 9 மணி முதல் கீழ்க்கண்ட ஊர்களில் மின்விநியோகம் இருக்காது. பெரம்பலூர், அரியலூர்க்காரர்கள் இதைப் பார்த்ததும் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவார்கள், மாவு அரைத்து வைத்துவிடுவார்கள், செல்போனைச் சார்ஜில் போடுவார்கள். வீட்டு லேண்ட்லைனைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

“லேண்ட்லைனுக்கும் கரண்டுக்கும் என்னங்க சம்பந்தம்?” என்று கேட்பீர்கள். பழைய போனுக்குச் சம்பந்தமே கிடையாது. தொலைபேசி நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்த இரண்டு செம்புக் கம்பிகளில் பேச்சு மட்டும் வரவில்லை, போனுக்கு வேண்டிய மின்சாரமும் சேர்ந்தே வந்தது. நிலையத்தில் 48 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இருக்கும், அதற்குத் துணையாக ஜெனரேட்டர். ஊரே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது அதனால்தான்.

இப்போது அந்தக் கம்பியின் இடத்துக்கு ஃபைபர் வந்துவிட்டது. 04328, 04329 என்று தொடங்கும் எண் மாறவில்லை. பல வீடுகளில் மேசை மேல் இருக்கும் கருவிகூட அதே பழைய கருவிதான். அதனால் ஒன்றும் மாறவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால், உள்ளே எல்லாமே மாறிப்போச்சு. நீங்கள் பேசுவது துண்டு துண்டான தகவலாகி, படம் பார்க்கும் அதே இணையப் பாதையில் போகிறது. அதாவது, உங்கள் வீட்டு லேண்ட்லைன் இப்போது ஓர் இணையத் தொலைபேசி. கண்ணாடி இழை ஒளியைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே, சுவரில் பச்சை விளக்கு மின்னும் அந்த மோடம் பெட்டி, உங்கள் வீட்டு பிளக்கில் செருகிய 12 வோல்ட் அடாப்டரை நம்பித்தான் இருக்கிறது. கரண்ட் போனால் பெட்டி அணையும், பெட்டி அணைந்தால் போனும் ஊமை.

யாருக்கு இது பிரச்சினை?

இளவட்டங்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, கையில் செல்போன் இருக்கிறது. குன்னத்திலோ திருமானூரிலோ தனியாக இருக்கும் பெற்றோரை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், வளைகுடாவில். அப்பாவுக்குத் தொடுதிரை பிடிபடவில்லை, அம்மாவுக்குக் கண் சரியில்லை. பட்டனை அழுத்திப் பேசும் லேண்ட்லைன்தான் அவர்களுக்குக் கைகொடுக்கிறது. பகல் முழுக்க மின்தடை இருக்கும் நாளில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் 108-க்கு எதில் சொல்வது?

“வாட்ஸ்அப் இருக்கே” என்பார்கள். வாட்ஸ்அப்பில் 108-ஐயோ 112-ஐயோ அழைக்க முடியாது. அந்தச் செயலி வைத்திருக்கும் இன்னொருவரோடுதான் பேச முடியும். லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது நன்றாகவே தெரியும். துபாயில் வாட்ஸ்அப் கால் போகாது என்பதால் போட்டிம் செயலியைத் தனியாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். சாதாரணத் தொலைபேசி எண்ணோடு இணையம் வழியாகப் பேச உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறை 2018-ல்தான் தெளிவாக வழிவிட்டது.

அதன் பிறகு 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் வைஃபை காலிங் வசதியைக் கொண்டுவந்தன. நல்ல வசதிதான். கான்கிரீட் வீட்டுக்குள் டவர் கிடைக்காமல் மொட்டை மாடிக்கு ஓடிப் பேசுகிறவர்கள், போனின் செட்டிங்ஸில் இதை ஆன் செய்தால் போதும். அதே சிம், அதே எண், தனிச் செயலி வேண்டாம். ஆனால், இதுவும் அதே மோடம் பெட்டி வழியாகத்தான் போகிறது. பெட்டி அணைந்தால் மறுபடியும் மொட்டை மாடிதான்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைனில் இருப்பது நான்கு லைட், இரண்டு ஃபேன், ஒரு டிவி. மோடம் செருகிய பிளக்கை எலெக்ட்ரீஷியன் அதில் சேர்த்திருக்க மாட்டார், நாமும் கேட்டிருக்க மாட்டோம். ஒரே ஒரு வயரை மாற்றிக் கொடுக்கும் வேலை அது. இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ‘மினி யுபிஎஸ்’ வாங்கலாம். உள்ளங்கை அகலம்தான் இருக்கும், சுமார் 1,000 முதல் 2,000 ரூபாய், மோடத்தைச் சில மணி நேரம் தாங்கும். வாங்கும் முன் அடாப்டரின் மேல் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் போட்டோ எடுத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள், பின்னும் பொருந்துகிறதா பாருங்கள்.

இதோடு முடியவில்லை. ஃபைபர் உங்கள் வீட்டிலிருந்து நேராகப் பெரிய நிலையத்துக்குப் போவதில்லை. நடுவில் உள்ளூர் ஆபரேட்டரின் பெட்டி ஒன்று எங்கோ ஓர் அறையில் ஓடிக்கொண்டிருக்கும், அதற்கும் கரண்ட் வேண்டும். அவரிடம் பேட்டரி இல்லையென்றால் உங்கள் யுபிஎஸ் சும்மா பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் ஒயரை எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு லோடு இழுத்துக்கொண்டு போனால் அது வேறு கதை. அதனால், சார்ஜ் நிற்கும் சாதா பட்டன் போன் ஒன்றும் அந்த வீட்டில் இருப்பது நல்லது.

எல்லாப் பொறுப்பையும் சந்தாதாரர் தலையில் கட்டுவது நியாயமில்லை என்பதே என் கருத்து. அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் 2015-லேயே, இப்படிப்பட்ட வீட்டுத் தொலைபேசி தரும் நிறுவனங்கள் 8 மணி நேரம் தாங்கும் பேட்டரியை வாடிக்கையாளருக்கு விற்க முன்வர வேண்டும் என்றது. 2019-ல் அது 24 மணி நேரமானது. காசு வாடிக்கையாளருடையதுதான், ஆனால் அந்த விதி 2025-ல் காலாவதியாகும் வரை சொல்லியாக வேண்டியிருந்தது. பிரிட்டனில் லேண்ட்லைனையே நம்பியிருப்பவர்களுக்கு, மின்தடையில் குறைந்தது 1 மணி நேரமாவது அவசர எண்ணை அழைக்க இலவச ஏற்பாடு வேண்டும் என்கிறது அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பு. அங்கேயும் முதியோரின் அவசர அழைப்புக் கருவிகள் வேலை செய்யாமல் போய்ப் பெரிய சிக்கலானது. பழைய செம்புக் கம்பியை மூட வைத்திருந்த 2025 டிசம்பர் கெடுவை 2027 ஜனவரிக்குத் தள்ளிவிட்டார்கள்.

நம்மூரில் இணைப்பு கொடுக்க வருகிறவர் வேகத்தையும் மாத வாடகையையும் சொல்கிறார். “கரண்ட் போனா இந்த போன் வேலை செய்யாதுங்க” என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லவும், அதை விண்ணப்பத்தில் தமிழில் அச்சிடவும் எவ்வளவு செலவாகிவிடும்? வீட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் மட்டும் இருந்தால் பேட்டரியை இணைப்போடு சேர்த்தே தரலாம். உள்ளூர் ஆபரேட்டர் தன் பெட்டிக்குப் பேட்டரி வைத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். டிராய் இதைக் கட்டாயமாக்கினால் ஆபரேட்டர்கள் செய்துதான் ஆக வேண்டும்.

அடுத்த ‘நாளை மின்தடை’ அறிவிப்பில் உங்கள் ஊர்ப் பெயர் வந்தால், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் காலை 10 மணிக்கு வீட்டு எண்ணுக்கு ஒரு கால் போட்டுப் பாருங்கள். அம்மா எடுத்தால் மதியம் 2 மணிக்கு இன்னொரு முறை. எடுக்கவில்லையென்றால், சாயங்காலம் கரண்ட் வந்ததும் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள்.